வாசகர் கேள்வி: வெயிலைத் தாங்கும் கோதுமை எப்போது வரும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோதுமையைப் பற்றியவை. போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, நான் ஹரியானாவில் கர்னால் பக்கம் கோதுமை வயலில் வேலை பார்த்தவன் என்று போகிற போக்கில் சொல்லிவைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: நான் விஞ்ஞானி இல்லை. ஆராய்ச்சிப் பண்ணையில் களத் தொழில்நுட்பப் பணியில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன். இந்த ரகத்தோடு அந்த ரகத்தைச் சேர் என்று விஞ்ஞானிகள் நோட்டில் எழுதியதைக் கதிரில் செய்து கொடுத்தவன். என் பதில்கள் வரப்பில் நின்று பார்த்தவனின் பதில்களாகத்தான் இருக்கும்.

நம் குமரி மாவட்டத்தில் ஒரு சென்ட் நிலத்தில்கூட கோதுமை இல்லை. பூவும் நெல்லும் வாழையும் போடுகிற நமக்கு வடநாட்டுக் கோதுமைக் கதை எதற்கு?
– ஒரு வாசகர், தோவாளை

அண்ணாச்சி, இன்று இரவு எட்டு மணிக்கு வடசேரிப் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். எத்தனை கடையில் புரோட்டாக் கல் சூடாகிறது என்று எண்ண முடியாது. சுகர் உள்ள வீட்டில் ராத்திரி சப்பாத்தி, காலையில் கோதுமைப் புட்டு. விளையாத ஊர்தான், தின்னாத ஊர் இல்லை.

அதைவிட நெருங்கிய ஒட்டும் உண்டு. கோதுமையின் பெரிய எதிரி துருநோய். வடக்கே கோடை வெயிலில் அந்தப் பூசணம் செத்துப்போகும். ஆனால் நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிர் இருப்பதால் அங்கே உயிரோடு தங்கிவிடும். வங்காள விரிகுடாப் புயல்கள் கிளப்பும் காற்றில் அதன் வித்துகள் ஏறிப் போய் மத்திய இந்திய வயல்களில் இறங்கும். தண்டுத் துரு இப்படித்தான் பயணம் போகிறது. இந்தியாவின் புதிய கோதுமைகளை நீலகிரி வெலிங்டனில் கொண்டுவந்து துருவுக்குப் பலி கொடுத்துச் சோதிப்பது இதனால்தான். தமிழ்நாட்டு மலையில் தேறாத கோதுமைக்குப் பஞ்சாபிலும் மதிப்பில்லை.

இங்கே தொட்டியில் போட்டுப் பார்க்க ஆசை இருந்தால் போடுங்கள். முளைக்கும், கதிரும் வரும். ஆனால் நம் ஊர் ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர் இல்லாமல் தூர் கட்டாது. ஒல்லியாக நாலு தண்டு நிற்கும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அது போதும்.

2022-ல் ஆட்டா விலை ஏறியபோது, 'மார்ச் வெயிலில் கோதுமை போச்சு' என்றார்கள். வடக்கே தண்ணீர் பாய்ச்சித்தானே விளைவிக்கிறார்கள்? தண்ணீர் இருக்கும்போது வெயில் என்ன செய்துவிடும்?
– இல்லத்தரசி, தக்கலை

அம்மா, பல பேர் கேட்கத் தவறும் கேள்வி இது. தண்ணீர் இருந்தாலும் வெயில் கொல்லும். எப்படி என்று சொல்கிறேன்.

வடக்கே நவம்பரில் விதைப்பார்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் தூர் கட்டும். பிப்ரவரியில் கதிர் வெளியே வந்து பூக்கும். அதற்கப்புறம் முப்பது, நாற்பது நாள் மணி பால் பிடித்து முற்றுகிற காலம். அப்போது கோதுமை விரும்புவது 15 முதல் 22 டிகிரி வரையான சூடு. நம் ஊரில் அப்படி ஒரு நாள் வந்தால் எல்லாரும் கம்பளி தேடுவோம். 2022-ல், 1901 முதல் உள்ள கணக்கிலேயே மிகச் சூடான மார்ச் மாதம், சரியாகப் பால் பிடிக்கும் நேரத்தில் வந்து இறங்கியது.

சூடு ஏறினால் செடி தன் நாட்களை வேகமாக ஓட்டித் தீர்த்துவிடும். நாற்பது நாளில் முற்ற வேண்டிய மணி முப்பது நாளிலேயே முற்றிவிட்டதாக நினைத்து நின்றுவிடும். நாள் குறைந்தாலும் நிரம்பும் வேகம் கூடினால் பரவாயில்லை. அது கூடுவதில்லை, ஏனென்றால் சர்க்கரையை மணிக்குள் மாவுச்சத்தாக மாற்றும் நொதி சூட்டுக்கு ரொம்பப் பயந்தது. 25 டிகிரியைத் தாண்டினாலே மந்தமாகிவிடும். இலை பச்சையாக இருக்கும், தண்டில் சர்க்கரையும் இருக்கும், மணிக்குள் மட்டும் மாவு சேராது. அறுத்துப் பார்த்தால் தோல் சுருங்கிய மணி. பண்ணையில் ஆயிரம் மணியை எண்ணி எடை போடுவோம். நல்ல வருடத்தில் 40 கிராமைச் சுற்றி நிற்கும். வெயில் வருடத்தில் தராசு முள்ளைப் பார்க்கவே மனசு வராது. கதிர் எண்ணிக்கை குறைந்திருக்காது, வைக்கோலும் குறைந்திருக்காது. அதனால் வரப்பில் நின்று பார்க்கிற விவசாயிக்கு அறுக்கும் வரை நட்டம் தெரியாது. இதுதான் இந்தச் சேதத்தில் கொடுமையான பகுதி.

வெயில் இன்னும் கொஞ்சம் முந்தி, பூக்கிற நேரத்திலேயே 30 டிகிரிக்கு மேல் அடித்தால் கதை வேறு. மகரந்தம் மலடாகி மணியே பிடிக்காது. நாம் நெல்லில் பதர் என்கிறோமே, அது.

தண்ணீர் பாய்ச்சினால் பயிர் ஓரளவு குளிரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாதம் திடீரென்று காற்று வீசும். ஈரமண்ணில் கனத்த கதிரோடு நிற்கும் பயிர் மொத்தமாகச் சாய்ந்துவிடும். அங்கே விவசாயிகள் கடைசித் தண்ணீரைக் காற்று அடங்கின ராத்திரியில்தான் விடுவார்கள், அதுவும் வானத்தைப் பார்த்துப் பார்த்து.

அந்த ஆண்டு 11.13 கோடி டன் என்று முதலில் போட்ட மதிப்பீட்டை 10.64 கோடி டன்னாகக் குறைத்தார்கள். மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஏற்கெனவே உக்ரைன் போரால் உலகச் சந்தை கொதித்துக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டு ஆட்டா பாக்கெட்டின் விலை ஏறிய பாதை இவ்வளவுதான். உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது கோதுமை விளைச்சல் 6 சதவீதம் அளவுக்குக் குறையும் என்று 2015-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது.

தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வறட்சி தாங்குவதும் வெப்பம் தாங்குவதும் ஒன்றுதானா? ஒரே ரகத்தில் இரண்டையும் கொண்டுவர முடியாதா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

இல்லை மகளே, ஒன்றில்லை. சில நேரம் ஒன்றுக்கொன்று பகை.

இலையின் அடியிலும் மேலும் இருக்கிற துளைகளைப் படித்திருப்பாய். அவை திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும், தண்ணீர் வெளியே போகும். தண்ணீர் பஞ்சம் என்றால் துளையை மூட வேண்டும். வெயில் என்றால் திறக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் ஆவியாகிப் போகும்போதுதான் இலை குளிரும். மே மாத மத்தியானத்தில் திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே புழுங்கும் வீடு மாதிரி ஆகிவிடும், துளையை மூடிய செடி. இந்த முரண்பாட்டை எந்த ஒரு மரபணுவும் ஒரே அடியில் தீர்த்துவிடாது.

அதனால் வளர்ப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: தண்ணீர் எங்கே இருக்கிறது? மத்தியப் பிரதேசத்துக் கரிசலில் மழைக்காலத்தில் இறங்கிய ஈரம் மண்ணின் அடியில் தங்கியிருக்கும். அங்கே நமக்கு வேண்டியது ஆழமாக இறங்கும் வேர். பால் பிடிக்கும் நேரத்தில் அடிமண்ணில் இருந்து கூடுதலாக ஒரே ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் எடுத்தால் எக்டேருக்கு 50 கிலோவுக்கு மேல் மணி கூடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்துத் தண்ணீருக்கு அவ்வளவு விலை. அதே ஆஸ்திரேலியாவில் இன்னொரு வழியிலும் போனார்கள். குறைந்த தண்ணீரில் அதிக உணவு தயாரிக்கும் செடிகளை, இலையில் உள்ள கார்பனின் லேசான, கனமான இரண்டு வடிவங்களின் (ஐசோடோப்புகள் என்பார்கள்) விகிதத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ட்ரைஸ்டேல் என்ற ரகம் 2002-ல் அப்படி வந்தது. மழை குறைந்த இடத்தில் கை கொடுத்தது. நல்ல மழை பெய்யும் இடத்தில் அதன் சிக்கனத்தால் பெரிய லாபம் இல்லை.

பஞ்சாப், ஹரியானாவில் கால்வாயும் போர்வெல்லும் இருக்கிறது. அங்கே சிக்கனக்காரச் செடி வேண்டாம், தாராளமாக வேர்க்கிற செடி வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்குப் பிடித்த வேலை வருகிறது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிச் சூடு பார்த்தார்களே, அந்த வகை அகச்சிவப்புத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் வயலில் இறங்க வேண்டும். மேகம் கூடாது, காற்று கூடாது, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், துப்பாக்கி மண்ணைப் பார்த்துவிடக் கூடாது. பாத்தி பாத்தியாகச் சுட்டுக்கொண்டே போவோம். பக்கத்துப் பக்கத்துப் பாத்தி, ஒரே மண், ஒரே தண்ணீர்; ஒன்று மற்றதைவிட ஒன்று, இரண்டு டிகிரி குளிர்ந்திருக்கும். கையால் தொட்டால் வித்தியாசம் தெரியாது. அந்தக் குளிர்ந்த பாத்திதான் கீழே நல்ல வேர் வைத்திருக்கிற பாத்தி. ஆயிரக்கணக்கான பாத்திகளில் வேரைத் தோண்டிப் பார்க்க யாராலும் முடியாது. இலையின் சூடு வேரின் கதையைச் சொல்லிவிடுகிறது. இப்போது இதையே டிரோனில் கேமரா கட்டிப் பார்க்கிறார்கள். முதுகு வலி மிச்சம்.

இன்னொரு குணமும் பார்ப்போம். பூப்பதற்கு முன்னால் செடி தண்டில் கொஞ்சம் சர்க்கரையைச் சேர்த்துவைக்கும். இலை காய்ந்துபோனால் அந்தச் சேமிப்பைத் தின்றுதான் மணி நிரம்ப வேண்டும். யாரிடம் சேமிப்பு இருக்கிறது என்று பார்க்க, பூத்து இரண்டு வாரம் கழித்து இலையைக் கருகவைக்கும் ரசாயனத்தை வேண்டுமென்றே தெளிப்பார்கள். நன்றாக நிற்கிற பயிரை நாமே கருக்குவதைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் அப்படிக் கருகியும் மணி நிரப்புகிற வரிசைகள் சில இருக்கும். அவற்றுக்கு உடனே அடையாளச் சீட்டு கட்டிவிடுவோம். இதற்கு நேர் எதிராகக் கடைசி வரை இலையைப் பச்சையாகவே வைத்திருக்கும் குணமும் உண்டு. தண்டைக் காலி செய்கிற செடியின் இலை சீக்கிரம் பழுக்கும், பச்சையாக நிற்கிற செடி தண்டைக் காலி செய்யத் தயங்கும். இரண்டையும் முழுசாக ஒரே செடியில் சேர்ப்பது கஷ்டம்.

எல்லாவற்றையும்விட நம்பகமான வழி தப்பித்துவிடுவது. மார்ச் வெயில் வருவதற்குள் மணியை நிரப்பி முடி. ஆனால் சும்மா குறுகிய காலப் பயிரை வளர்த்தால் நல்ல வருடத்தில் விளைச்சல் குறையும். அக்டோபரிலேயே விதைத்தாலோ, அந்தச் சூட்டில் பயிர் அவசரப்பட்டு வளரும் முன்னே கதிர் தள்ளிவிடும். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்டி 3385 என்ற ரகம் இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தாண்டியது. கொஞ்சம் குளிர் பட்டால்தான் கதிர் தள்ளுவேன் என்கிற குணத்தை அதில் சேர்த்தார்கள். முந்தி விதைக்கலாம், பயிர் அவசரப்படாமல் நின்று வளரும், வெயில் முற்றுவதற்குள் முடித்தும்விடும்.

உன் கேள்விக்குச் சுருக்கமான பதில் வேண்டும் என்றால்: 'வறட்சி தாங்கும் ரகம்' என்று யாராவது சொன்னால், எந்த ஊர் வறட்சி, எந்த மாதத்து வறட்சி என்று திருப்பிக் கேள். அதற்குப் பதில் இல்லை என்றால் அது விளம்பரம்.

பச்சைப் புரட்சிக்கு முன்னால் இருந்த உயரமான நாட்டுக் கோதுமைகள் மழையை நம்பியே விளைந்தன. குட்டை ரகங்களைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள். மறுபடி பழைய விதைக்கே போனால் என்ன?
– இயற்கை விவசாயி, கருங்கல்

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மற்றப் பாதிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பழைய உயரக் கோதுமைக்கு உரம் போட்டால் கதிர் கனத்துக் கீழே படுத்துவிடும். ஜப்பானில் 1935-ல் வந்த நோரின் 10 என்ற குட்டை ரகத்தின் மரபணுக்கள் அமெரிக்கா வழியாக மெக்சிகோ போய், கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் கையில் சிக்கி, 1963-க்குப் பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் போன்றவர்களின் முயற்சியால் இங்கே வந்தன. 1966-ல் மட்டும் 18,000 டன் மெக்சிகோ விதை கப்பலில் இறங்கியது. அதற்கு முன்னால் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு உட்கார்ந்திருந்ததை என் வயசுக்காரர்கள் மறக்கவில்லை. ரேஷன் வரிசையில் நின்றவர்களிடம் போய்ப் 'பழைய விதைக்கே போவோம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நியாயமான பாதி இது. அந்தக் குட்டை மரபணு தண்டை மட்டும் குட்டையாக்கவில்லை. விதை முளைக்கும்போது மண்ணைத் துளைத்து வருகிற முளையுறையையும் குட்டையாக்கிவிட்டது. மேல்மண் காய்ந்து ஈரம் ஆழத்தில் இருந்தால், பழைய ரகத்தை ஆழமாகப் புதைத்து முளைக்கவைக்க முடியும். குட்டை ரகத்தைப் புதைத்தால் முளை மேலே வந்து சேராது. இப்போது வேறு குட்டை மரபணுக்களைப் பிடித்திருக்கிறார்கள். பதின்மூன்று, பதினெட்டு என்று எண் போட்டுச் சொல்வார்கள். அவை தண்டைக் குறைக்கும், முளையை விட்டுவிடும். ஆஸ்திரேலியாக்காரர்கள் இதில் ரொம்ப முனைப்பாக இருக்கிறார்கள்.

பழைய ரகங்களில் சி 306 என்ற ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1960-களின் உயர ரகம். தண்ணீர் அதிகம் கேட்காது, சப்பாத்தி மறுநாளும் மிருதுவாக இருக்கும். வறட்சி ஆய்வில் இன்றும் ஒப்பீட்டுக்கு அதைத்தான் நடுகிறார்கள். விளைச்சலில் புதிய ரகங்களுக்குப் பக்கத்தில் நிற்காது, அவ்வளவுதான். பழைய விதைகளின் இடம் இதுதான் என்பது என் கட்சி: அப்படியே வயலுக்குத் திரும்ப வேண்டாம், அவற்றில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். தேசிய மரபணு வங்கியில் இருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கோதுமை வகைகளை 2011–12 பருவத்தில் ஹரியானாவின் ஹிசாரில் ஒட்டுமொத்தமாக விதைத்துக் குணங்களைப் பதிவு செய்தார்கள். 

ஒரு புதிய ரகம் வர பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது என்கிறார்கள். அப்படி என்னதான் செய்கிறீர்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், குலசேகரம்

சார், நீங்கள் கேட்ட தொனியில் 'மரத்தடியில் தூங்குகிறீர்களா' என்பதும் கேட்கிறது. வேலையைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்பு எழுதுங்கள்.

கோதுமை தன் மகரந்தத்தால் தானே காய்க்கும். வேறு அப்பனைச் சேர்க்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் அதன் சொந்த மகரந்தப்பைகளை எடுத்தாக வேண்டும். கதிர் உறையை விட்டு வெளியே வந்ததும், மகரந்தப்பை பச்சையாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். மஞ்சளாகிவிட்டால் காரியம் கெட்டது. கதிரின் மேலேயும் அடியிலும் உள்ள சிறுகதிர்களைக் கிள்ளி எறிவோம். நடுவில் இருப்பதில் ஒவ்வொரு சிறுகதிரிலும் ஓரத்துப் பூ இரண்டை மட்டும் விட்டு, நடுப்பூவைப் பிடுங்கிவிடுவோம். உமியின் நுனியைக் கத்தரித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒன்று உடைந்தால் அந்தக் கதிரே வீண். அப்புறம் பட்டர் பேப்பர் உறை மாட்டி, சீட்டு கட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து பூவின் பெண் பாகமான சூல்முடி இறகு மாதிரி விரிந்ததும் அப்பன் கதிரைக் கொண்டுவந்து மகரந்தம் உதிர்க்க வேண்டும். கோதுமை மகரந்தத்தின் ஆயுள் சில நிமிடங்கள்தான், அதனால் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் ஊர்க்கதை பேசக் கூடாது. இவ்வளவு செய்தால் ஒரு கதிரில் ஒரு கைப்பிடி மணிகூடக் கிடைக்காது.

அது முதல் வருடம். அந்த மணியின் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பேரப்பிள்ளைகளில்தான் குணங்கள் பிரியும்: உயரம், குட்டை, மீசை வைத்தது, மொட்டை, துரு வாங்குவது, வாங்காதது. ஆயிரக்கணக்கில் நட்டு, பார்த்துப் பொறுக்கி, மறுவருடம் மறுபடி நட்டு, ஆறேழு தலைமுறை போனால்தான் ஒரு வரிசை முழுக்க ஒரே மாதிரி நிற்கும். அதற்கப்புறம் விளைச்சல் சோதனை. அதற்கும் அப்புறம் அகில இந்திய அளவில் பல ஊர்களில் மூன்று வருடம்.

சுருக்கும் வழிகள் இருக்கின்றன. வடக்கே அறுத்த விதையைக் கோடையில் இமாசலத்து லாஹுல் பள்ளத்தாக்கின் தலாங் மைதானுக்கோ நம் வெலிங்டனுக்கோ அனுப்பினால் வருடத்துக்கு இரண்டு தலைமுறை. மெக்சிகோவில் போர்லாக் இதைத்தான் செய்தார், கடல் மட்டத்தை ஒட்டிய சோனோராவுக்கும் 2,600 மீட்டர் உயரத்து தொலுகாவுக்கும் விதையை மாறி மாறி அனுப்பி. பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எங்கேயும் விளைகிற கோதுமை அதில் தற்செயலாகக் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் 22 மணி நேரம் விளக்கு போட்டு வருடத்துக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கும் முறை ஆஸ்திரேலியாவில் இருந்து வந்திருக்கிறது. இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள். கோதுமைப் பூவில் மக்காச்சோள மகரந்தத்தைத் தூவினால் கரு உண்டாகும், ஆனால் சோளத்தின் குரோமோசோம்கள் சில நாட்களில் காணாமல் போய்விடும். மிஞ்சிய, ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம் மட்டும் உள்ள கருவை எடுத்து மருந்து வைத்து இரட்டிப்பாக்கினால் ஒரே தலைமுறையில் தூய வரிசை. இமாசலத்து பாலம்பூரில் சோளத்துக்குப் பதில் தர்ப்பைப் புல்லின் மகரந்தத்தை வைத்தே இதைச் செய்துகாட்டினார்கள். திதிக்குப் பவித்திரம் முடிகிற அதே இனத்துப் புல்!

ஆனால் சார், தலைமுறையைத்தான் வேகப்படுத்த முடியும், வானிலையை முடியாது. வெயிலைத் தாங்குமா என்று தெரிய வெயில் வருடம் வர வேண்டும். அதற்காகக் காத்திருக்க முடியாது என்பதால் ஒரு தந்திரம்: ஒரே விதையை நவம்பரில் ஒரு பாத்தி, ஜனவரியில் ஒரு பாத்தி போடுவது. ஜனவரிப் பாத்தி ஏப்ரல் சூட்டில் பால் பிடிக்கும். இரண்டிலும் தலை நிமிர்ந்து நிற்கிற வரிசைதான் அடுத்த கட்டத்துக்குப் போகும். அந்த ஜனவரிப் பாத்தியில் பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

மரபணு மாற்றிய கோதுமை வந்துவிட்டதாமே? அதோடு பிரச்சினை முடிந்ததா?
– ஒரு வாசகர், ஈத்தாமொழி

வந்திருக்கிறது, இந்தியாவுக்கு இல்லை. அர்ஜென்டினாவில் சூரியகாந்தியின் ஒரு மரபணுவைச் சேர்த்து எச்பி 4 என்ற கோதுமையைச் செய்தார்கள். 2020-ல் அங்கே அனுமதி கிடைத்தது. வாங்குகிற பிரேசில் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருந்து 2022-ல் வணிகத்துக்கு வந்தது. வறட்சி வருடத்தில் உதவும் என்பது அதைச் செய்தவர்களின் வாதம். இந்தியாவில் மரபணு மாற்றிய கோதுமை எதற்கும் அனுமதி இல்லை. வெளி மரபணு சேர்க்காமல், இருக்கிற மரபணுவையே திருத்துகிற முறையில் இரண்டு நெல் ரகங்களை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. அதில் பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்பது வறட்சிக்கும் உப்புக்கும் தாக்குப்பிடிக்க என்று செய்தது. என் கருத்து கேட்டால், எனக்கு இதில் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. ஒரு மரபணு ஒரு வாசலைத் திறக்கலாம். மேலே மாணவிக்கு எழுதிய பட்டியலைப் படித்தால் எத்தனை வாசல் இருக்கிறது என்று தெரியும்.

சம்பா கோதுமை சாப்பிட்டால் சுகர் குறையுமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

டாக்டரைக் கேளுங்கள் அம்மா. எனக்குத் தெரிந்தது அதன் குலம்தான். சம்பா கோதுமைக்கு 28 குரோமோசோம். சப்பாத்திக் கோதுமைக்கு 42. அந்த வித்தியாசமான 14, பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு களைப்புல் தற்செயலாக வந்து கலந்ததால் கிடைத்தவை. அந்தக் கலப்பு மிகச் சில முறைதான் நடந்திருக்கிறது, அதனால் நம் கோதுமைக்குள் அந்தப் புல்லின் குணங்கள் கொஞ்சம்தான் வந்து சேர்ந்தன. பாலை ஓரங்களில் இன்றும் நிற்கிற அந்தப் புல்லை மறுபடி 28 குரோமோசோம் கோதுமையோடு சேர்த்துச் செயற்கைக் கோதுமை செய்கிறார்கள். மெக்சிகோவின் சோனோராவில் நடந்த ஒரு சோதனையில், இப்படிக் காட்டுப்புல் வழி வந்த மரபணுத் துண்டு உள்ள வரிசைகள் கடும் வெயிலில், அது இல்லாதவற்றைவிட 50 சதவீதம் வரை அதிகம் விளைந்தன. 2023-ல் அந்த முடிவு வெளியானது. இவ்வளவு எழுதிய பிறகும் உங்கள் சுகருக்குப் பதில் இல்லை, மன்னிக்கவும்.

கும்பப்பூப் பருவத்துக்கு வெயில் தாங்கும் நெல் விதை என்று ஒருவர் கிலோவுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார். வாங்கலாமா?
– நெல் விவசாயி, பூதப்பாண்டி

வாங்காதீர்கள். நெல் வெயிலுக்கு அதிகம் பயப்படுவது பூக்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். காலை ஒன்பதரை, பத்து மணிக்குப் பூ விரியும்போது 35 டிகிரிக்கு மேல் இருந்தால் பதர் விழும். அதற்கு நாகினா 22 என்ற பழைய வடநாட்டு ரகத்திடமிருந்தும், விடியற்காலையிலேயே பூக்கிற ஒரு காட்டு நெல்லிடமிருந்தும் குணங்களை எடுத்து உலகம் முழுக்க வேலை நடக்கிறது. ஆனால் நம் கும்பப்பூ பூப்பது மார்கழி, தை வாக்கில். அப்போது பூதப்பாண்டியில் காலை பத்து மணிக்கு 35 டிகிரி வராது. நீங்கள் கஷ்டப்படுவது கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வருவதால், அறுப்பில் மழை பிடிப்பதால். வெயில் தாங்கும் விதை அதற்கு என்ன செய்யும்? இராமநாதபுரம் மாதிரி மானாவாரிக்கு என்று பரமக்குடி நிலையம் கொடுத்த அண்ணா 4 போன்ற வறட்சி ரகங்களும் உங்கள் பாசன வயலுக்காகச் செய்தவை இல்லை.

திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் எந்த வாரம் வரும், அறுப்பு எந்த வாரம் விழ வேண்டும் என்ற இரண்டு தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். அந்த நாட்களுக்குள் அடங்குகிற ரகம் எது என்று கேளுங்கள். விதை விற்க வந்தவரிடம், எந்த ஊரில் எந்த மாதம் சோதித்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை எனக்கு அனுப்பிவையுங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.